கேட்டுத்தான் எடுப்பார்

சாயப்பட்டறை வாசலில் அவர் வந்து நின்றதை வெகுநேரம் நான் கவனிக்கவில்லை. அன்றைக்குச் செம்புத் தொட்டியில் அரக்கு நிறம் கொதித்துக்கொண்டிருந்தது. பட்டு நூல் சிட்டங்களைக் கழியில் கோத்துத் தொட்டிக்குள் இறக்கித் திருப்பிக்கொண்டிருக்கும்போது தலையைத் தூக்க முடியாது. ஒரு நிமிஷம் அசந்தால் நிறம் திட்டுத்திட்டாகப் பிடித்துவிடும், அந்த நூல் எதற்கும் ஆகாது. வேலையை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோதுதான் பார்த்தேன். தோளில் காக்கிப் பை, முழங்கால்வரை செம்மண் ஏறிய பேண்ட், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர். இரண்டு எட்டு வைத்தால் கூரை நிழல். அந்த நிழலுக்குக்கூட வராமல் உச்சி வெயிலில் நின்றிருந்தார்.

“உள்ள வரலாமா?” என்றார்.

“வாங்க. எவ்ளோ நேரமா நின்னுகினு இருக்கீங்க?”

“வேலையா இருந்தீங்க. கூப்பிட மனசு வரல.”

உள்ளே வந்தவர் செம்புத் தொட்டியைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். ஸ்டூலில் உட்காரலாமா என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் வந்த விஷயம். ஒரு சின்ன பாட்டில் அமோனியா வேண்டும். அவரிடம் இருந்தது ஜீப்பில் கவிழ்ந்துவிட்டது, சென்னையிலிருந்து வர ஒரு வாரம் ஆகுமாம். சாயப்பட்டறையில் இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கொடுத்தேன். பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, “திருப்பிக் கொடுத்துடுவேன் மாஸ்டர்” என்றார்.

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு தை மாதம் அது. ஜவ்வாது மலையில் செம்பும் நிக்கலும் கிடைக்குமா என்று தேடிப்பார்க்க ஒரு கம்பெனி அனுப்பிய ஆள் அவர். ஜியாலஜிஸ்ட். போளூரில் தோதான வீடு அமையாததால் ஆரணியில் கோட்டை மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஒரு ஜீப், ஒரு டிரைவர், ஒரு சமையல்காரர், இவர். வீட்டு வாசலில் எப்போதும் தட்டுத்தட்டாக ஓடை மண் காய்ந்துகொண்டிருக்கும். ஊர் அவருக்குக் கல்லு சார் என்று பெயர் வைத்துவிட்டது. அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை.

எதையும் கேட்காமல் எடுக்கமாட்டார். எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் தண்ணீர்ச் சொம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் “எடுத்துக்கலாமா?” என்று என் மனைவி கலாவைப் பார்ப்பார். அவள் தலையாட்டிய பிறகுதான் கை நீளும். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அது பிடித்துப்போய்விட்டது.

“கல்யாணம் ஆயி பதினாறு வருஷம் ஆவுது. இந்த வூட்ல ஒருத்தராவது என்ன ஒரு வார்த்த கேட்டு ஒரு பொருள எடுத்திருக்கீங்களா?” என்று என்னைக் குத்திக்காட்டினாள்.

டீக்கடையில் பெஞ்சுமேல் கிடக்கும் பேப்பரை எடுப்பதற்கும் கேட்பார். பொதுவாகத் தொங்குகிற நெருப்புக் கயிற்றில் சிகரெட் பற்றவைக்கவும் கேட்பார். கடைக்காரர் ஒருநாள் பொறுமையிழந்து, “எடுத்துக்கோ சார், ஒவ்வொண்ணுக்கும் கேட்டு பேஜார் பண்ணாத” என்றார். இவர் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாளும் கேட்டார்.

ஏன் இப்படி என்று நானே ஒருமுறை விசாரித்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வடக்கே எங்கோ ஒரு வயலில் சொந்தக்காரனிடம் சொல்லாமல் சோதனைக் குழி வெட்டினாராம். மூடாமல் வந்துவிட்டார். மறுநாள் போனபோது குழிக்குள் ஒரு எருமை கால் ஒடிந்து கிடந்தது. பக்கத்தில் அந்த வயல்காரன் உட்கார்ந்து அதன் முகத்தைத் தடவிக்கொண்டிருந்தான். இவரைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. “என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எருமையை வேறு பக்கம் கட்டியிருப்பேனே” என்றுதான் சொன்னான். இதைச் சொல்லும்போது கல்லு சாரின் கண் நிறைந்து வழிந்தது. அந்தக் கண்ணீர் பொய்யில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

வாடகை வீட்டுக்காரர் ஆசிட் வாடை ஆகாது என்று சொல்லிவிட்டதால் வாரத்துக்கு ஒருமுறை என் பட்டறைக்கு வந்து கல்லைச் சோதிப்பார். இரும்பு உரலில் கல்லை இடித்துப் பொடியாக்கி, ஆசிட்டில் போட்டுச் சூடாக்கி, வடிகட்டி, அமோனியாவை விடுவார். செம்பு இருந்தால் தண்ணீர் மயில்கழுத்து நீலமாகும். நிக்கலுக்கு வேறு மருந்து, ஒரு வெள்ளைப் பொடியை ஸ்பிரிட்டில் கரைத்து வைத்திருப்பார். அதில் சில சொட்டு விட்டால், நிக்கல் இருந்தால், எங்கள் ஊரில் ராணி கலர் என்று சொல்கிற அந்த அழுத்தமான ரோஜா நிறம் திரண்டு வரும். நிறத்தோடு இருபது வருஷம் புழங்கியவனுக்கு அதைப் பார்க்கக் கொள்ளை ஆசை. ஆனால் பெரும்பாலும் கலங்கலான பழுப்புதான் வரும். “வெறும் இரும்பு மாஸ்டர்” என்று சொல்லிக் கொட்டிவிடுவார்.

மலையில் அவரால் வேலை செய்ய முடியவில்லை. ஜீப்பைக் கண்டால் மலைக்காரர்கள் காட்டுக்குள் போய்விடுவார்கள். வழிகாட்ட ஆள் கிடைக்கவில்லை. என்னிடம் வந்தார்.

எனக்கு மலையில் ஒரு சிநேகிதன் இருந்தான். வெள்ளையன். பட்டைக் கடைசியாக அலசுவதற்கு நான் பூந்திக்கொட்டைத் தண்ணீரை விடாமல் வைத்திருந்தேன். பத்து வருஷமாக அந்தக் கொட்டையை மூட்டையாகக் கட்டி பஸ்ஸில் கொண்டுவந்து போடுகிறவன் அவன். வந்தால் இரண்டு நாள் பட்டறையிலேயே தங்குவான். என்னைவிட நான்கைந்து வயது சின்னவன். அவன் பெண்ணுக்குக் காது குத்தியபோது நானும் கலாவும் மலை ஏறிப் போயிருக்கிறோம்.

கல்லு சாரை அவன் ஊருக்கு அழைத்துப்போனேன். ஜமுனாமரத்தூரில் இறங்கி இரண்டு மணி நேரம் நடை. ஊர்ப்பெரியவர் எங்களைப் பலாமரத்தடியில் உட்காரவைத்துச் சந்தேகமாகப் பார்த்தார்.

“இவரு கேக்காம ஒரு குச்சியக்கூட எடுக்கமாட்டாருங்க. அதுக்கு நான் பொறுப்பு” என்றேன்.

அவர் என்னை நம்பினார். வெள்ளையனை வழிகாட்டியாக அனுப்பினார்.

பட்டறையில் வேலை இல்லாத நாட்களில் நானும் கூடப் போவேன். கல்லு சார் முன்னால் நடக்கமாட்டார், வெள்ளையனுக்குப் பின்னால்தான். ஓடை பிரிகிற இடத்திலெல்லாம் உட்கார்ந்து வண்டல் மண்ணைச் சலித்து, ஆரணி டெய்லரிடம் தைத்த துணிப் பைகளில் நம்பர் போட்டுக் கட்டுவார். கயிற்றில் தொங்கும் காந்தத்தைப் பாறைமீது காட்டுவார். துருப்பிடித்தது போன்ற பாறை தென்பட்டால் முகம் மாறும். ஆனால் உடனே சுத்தியலைத் தூக்கமாட்டார். சுற்றுமுற்றும் பார்ப்பார். சாமைக் கொல்லையில் யாராவது நின்றால் அங்கே நடந்துபோய், செருப்பைக் கழற்றிவிட்டு, “அந்தக் கல்லுல ஒரு துண்டு உடைச்சுக்கலாமா?” என்பார். கொல்லைக்காரி சிரித்துக்கொண்டே, “கல்லுக்கா கேக்குற? மொத்தத்தையும் தூக்கினு போ” என்பாள்.

எல்லோரும் அப்படிச் சொல்லவில்லை. ஒருவர், தன் அப்பாவைப் புதைத்த இடத்தில் நட்ட கல் என்று மறுத்தார். இன்னொரு ஊரில், மாட்டுக்கு நோய் வந்தால் சுற்றிவரும் பாறை என்றார்கள். கல்லு சார் இரண்டாம் பேச்சுப் பேசமாட்டார். கையைக் கூப்பிவிட்டுத் திரும்புவார். நோட்டுப் புத்தகத்தில் அந்த இடத்தைக் குறித்து, சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போடுவார். தவறிப்போய்க்கூடத் தொட்டுவிடக் கூடாது என்று குறித்துவைக்கிறார், என்ன மனுஷன் என்று நினைத்தேன். கலாவிடம் வந்து சொன்னேன். அவளும் கண்கலங்கினாள்.

வெள்ளையன் ஊருக்கு மேலே, ஓடை புறப்படும் இடத்தில் பச்சையம்மா இருந்தாள். கோயில் கிடையாது. இடுப்புயரக் கருங்கல், அதன்மேல் பாசி போல, ஆனால் பாசியில்லாத ஒரு பச்சை ஓடியிருக்கும். மழையிலும் வெயிலிலும் போகாத பச்சை. முன்பக்கம் மஞ்சளும் குங்குமமும். பின்பக்கம் புதர். வருஷத்தில் ஒருமுறை, ஆடி முதல் வெள்ளிக்கிழமை, பெண்கள் புதரை வெட்டி அவளை முழுக்கக் குளிப்பாட்டுவார்கள். மூன்றாம் வெள்ளி திருவிழா.

கல்லு சார் அந்தக் கல்லைப் பார்த்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். மூச்சு நின்றவர் போல நின்றார். பிறகு கீழே வந்து, ஊர்ப்பெரியவர் முன்னால் உட்கார்ந்து, விரல் நுனியைக் காட்டி, “இவ்வளவு போதும். எடுத்துக்கலாமா?” என்று கேட்டார்.

பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டார். “அத மட்டும் கேக்காத சார். அவ எங்களப் பெத்தவ.”

“தப்பா கேட்டிருந்தா மன்னிச்சுக்குங்க” என்று சொல்லி இவரும் கும்பிட்டார். மறுபடி மேலே ஏறிப்போய்க் குங்குமம் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். கீழே இறங்கும்போது வெள்ளையன் என் காதில், “நல்லவருண்ணா” என்றான்.

சித்திரையில் ஒருநாள் காலை பட்டறைக்கு வந்தார். வழக்கமாகக் கல்லாகக் கொண்டுவருவார். அன்று பொட்டலத்தில் ஏற்கெனவே இடித்த பொடி. அதன்மேல் நம்பர் இல்லை. அமோனியா விட்டதும் மயில்கழுத்து நீலம் வந்தது. அதுவே அதுவரை வராத அடர்த்தி. வேறொரு குப்பியில் நிக்கலுக்கான மருந்தை விட்டார். ராணி கலர் திரண்டு, கெட்டியாகி, குப்பியின் அடியில் படிந்தது. என் தொட்டியில்கூட அப்படி ஒரு நிறம் நான் ஏற்றியதில்லை. கல்லு சார் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். 

“எந்த எடம் சார்?”

“ஓடைக்குக் கீழ்ப்பக்கம் மாஸ்டர்” என்றார்.

ஆடி முதல் வெள்ளிக்கு அடுத்த நாள் வெள்ளையன் வந்தான். கொட்டை காய்க்கிற காலமில்லை, கையில் மூட்டையும் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்காமல் வைத்திருந்தான்.

“அம்மா முதுகுல ஒடைச்சிருக்காங்கண்ணா. அரைத் தேங்கா அளவுக்கு. பொம்பளைங்க பொதர வெட்டிட்டுப் பாத்து அழுவுறாங்க. வெளியாளக் கூட்டினு சுத்தினவன் நான்தான், அதனால நான்தான் காட்டிக் குடுத்தேன், இல்ல நானே ஒடைச்சுக் குடுத்தேன்னு சொல்றாங்க. சத்தியம் பண்ணேன். நம்ப மாட்டேங்கறாங்க.” டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “அந்த சாருக்கு ஏதாவது தெரியுமான்னு கேட்டுச் சொல்றியாண்ணா” என்றான்.

அவனைப் பட்டறையில் உட்காரவைத்துவிட்டு சைக்கிளில் கோட்டை மைதானத்துக்குப் போனேன். கல்லு சார் மண் பைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார்.

“பச்சையம்மா முதுகுல ஒடைச்சது யாரு சார்?”

அவர் தலையைத் தூக்கினார். பொய் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

“நான்தான் மாஸ்டர். வெள்ளையன் வராத நாள் பார்த்துப் போனேன்.”

“வாணாம்னு சொன்னாங்களே சார். கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாங்களே.”

“ஆமா.”

“அப்புறம் எதுக்குங்க கேட்டீங்க?”

“கேட்டாத்தானே எங்கன்னு தெரியும்.”

எனக்குப் புரியவில்லை. நோட்டுப் புத்தகத்தைத் திறந்து சிவப்பு வட்டங்களைக் காட்டினார். மொத்தம் ஏழு. ஏழிலும் பக்கத்தில் ஒரு சின்ன டிக் அடித்திருந்தது. எல்லா இடத்துக்கும் போயிருக்கிறார். புதைத்த இடத்தின் கல்லுக்கும், மாட்டு நோய்ப் பாறைக்கும்.

“காரணமில்லாம ஜனங்க ஒரு கல்ல ஒதுக்கி வைக்கமாட்டாங்க மாஸ்டர். நிறம் வேறயா இருக்கும், கனமா இருக்கும், பக்கத்துல செடி மொளைக்காது. இந்த மலை முழுக்க நான் பத்து வருஷம் நடந்தாலும் கண்டுபிடிக்க முடியாதத அவங்க ஒரு வார்த்தைல சொல்லிடறாங்க. வேண்டாம்னு.” குரலில் கள்ளம் இல்லை. தன் தொழிலின் ஒரு நுணுக்கத்தை எனக்கு விளக்குவது போலத்தான் சொன்னார். “கைப்பிடி அளவுதான் எடுத்தேன். பின்பக்கமாத்தான் எடுத்தேன்.”

எருமையைப் பற்றி அழுத அதே மனிதர்.  என்னை முன்னால் நிறுத்தித்தானே இதெல்லாம்.

“வெள்ளையன ஊர்ல நிக்க வெச்சுக் கேட்டுகினு இருக்காங்க சார்.”

இதற்குத்தான் அவர் அதிர்ந்தார். “அவரையா?” நோட்டை மூடினார். எழுந்து இரண்டு முறை குறுக்கே நடந்தார். “மூணாவது வெள்ளி நான் வர்றேன். எல்லார் முன்னாடியும் நானே சொல்றேன். காலைல ஆறு மணிக்கு ஜீப்ல வந்து உங்களக் கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் நீங்க யார்கிட்டயும் சொல்லாம இருக்க முடியுமா மாஸ்டர்?”

என்னையும் கேட்டார். நானும் சரி என்றேன்.

பட்டறைக்குத் திரும்பியபோது வெள்ளையன் அதே இடத்தில் இருந்தான். டீ ஆடை கட்டியிருந்தது.

“இன்னாண்ணா சொன்னாரு?”

“மூணாவது வெள்ளிக்கு அவரே வராரு. வந்து பேசுவாரு. நீ தைரியமா போ.”

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். “சரிண்ணா” என்று சொல்லிவிட்டுப் போனான்.

மூன்றாம் வெள்ளி ஆறு மணிக்குக் குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டு வாசலில் நின்றேன். ஏழாயிற்று. எட்டு மணிக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பூட்டு தொங்கியது. வாசலில் காய்ந்துகொண்டிருந்த மண் தட்டுகள் இல்லை.

பக்கத்து வீட்டம்மா வெளியே வந்தார். “முந்தாநாளே காலி பண்ணிட்டாங்களே. உங்ககிட்ட சொல்லலீங்களா? ஒவ்வொரு வூட்டுக்கும் வந்து, போய்ட்டு வரட்டுமாம்மான்னு கேட்டுட்டுப் போனாரு. தங்கமான மனுஷன். இருங்க, உங்களுக்கு ஒண்ணு குடுத்துட்டுப் போயிருக்காரு” என்று உள்ளே போய்ச் சீல் உடைக்காத ஒரு பெரிய அமோனியா பாட்டிலைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

அந்தத் தெரு முழுவதும் விடை கேட்டுக்கொண்டு போனவர் என் பட்டறை இருக்கும் தெருவுக்கு வரவில்லை.

பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டு ஓடிப்போய் போளூர் பஸ் பிடித்தேன். ஊருக்குள் நுழையும்போது உச்சிப்பொழுது தாண்டியிருந்தது. பலாமரத்தடியில் எல்லோரும் கூடியிருந்தார்கள். வெள்ளையன் தனியாக நின்றான். கொஞ்சம் தள்ளி அவன் மனைவியும், காது குத்துக்கு நான் போயிருந்த அந்தப் பெண்ணும். என்னைக் கண்டதும் வெள்ளையன் முகம் தெளிந்தது. என் பின்னால் யாரும் வரவில்லை என்று தெரிந்த பிறகும் அந்தத் தெளிவு போகவில்லை.

“சார் வரலியா?” என்றார் பெரியவர்.

வழி நெடுக மனதுக்குள் சொல்லிப்பார்த்துக்கொண்டே வந்திருந்தேன். அவர்தான் உடைத்தார், அந்தக் கல்லைச் சோதித்தது என் பட்டறையில், எனக்கு இரண்டு வாரமாகத் தெரியும். நான்கு வார்த்தை. அந்த முகங்களைப் பார்த்தேன். இவருக்கு நான் பொறுப்பு என்று இதே மரத்தடியில் நான் சொன்னதைக் கேட்டிருந்த முகங்கள்.

“அவருக்கு ஜொரங்க” என்றேன்.

“வேற ஏதாவது சொல்லணுமா நீ?”

தரையைப் பார்த்தேன்.

வெள்ளையன் குடும்பத்தை ஊர் ஒதுக்கியது. அடி உதை இல்லை. அவர்களோடு தண்ணீர் நெருப்புப் புழக்கம் இல்லை, பெண் கொடுக்கல் வாங்கல் இல்லை, அம்மனுக்கு அவர்கள் குடம் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். கார்த்திகைக்குள் அவன் மனைவி மகளோடு குடகுப் பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டான் என்று ஜமுனாமரத்தூர் பஸ் கண்டக்டர் சொன்னார். போகும்போது சொல்லிக்கொள்ளவும் பட்டறைக்கு வரவில்லை.

அடுத்த வருஷம் வேறு ஆட்கள் துளை போடும் இயந்திரத்தோடு வந்தார்கள். மலையின் கீழ்ச்சரிவில் இரண்டு இடத்தில் ஆழமாகத் துளைத்தார்கள். பச்சையம்மாவின் கல்லில் இருந்தது விரல் தடிமனுக்கு ஓடிய ஒரு சின்ன நரம்பு மட்டும்தானாம், மலைக்குள்ளே ஒன்றும் இல்லையாம். துளையை மூடிவிட்டுப் போனார்கள். கம்பெனிக்குக் கல்லு சாரின் விலாசம் கேட்டு எழுதினேன். அவர் வேறு மாநிலத்துக்கு மாறிவிட்டதாக ஒரு வரிப் பதில் வந்தது. அதோடு விட்டேன். விட்டதில் எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. துரோகம் செய்தவர் அவர், ஏமாந்தவன் நான் என்று கலாவிடம் சொல்லிக்கொண்டேன். எட்டு வருஷம் அப்படியே ஓடியது.

புது நூற்றாண்டு பிறந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். சாயமேற்றிய நூலைக் கொடுக்க ஒரு பட்டுச் சேலைக் கடைக்குப் போயிருந்தேன். பாயில் சேலைகளைப் பரப்பி ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. தலை முழுக்க நரைத்த ஒருவர் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கேட்காமல் பிடித்தார்.

“மாஸ்டர். பொண்ணுக்குக் கல்யாணம். சேலைன்னா ஆரணிதான்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்.” அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். “வெள்ளையன் எப்படி இருக்காரு? நல்ல மனுஷன்.”

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

“நான் போயிட்டா நீங்க சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன் மாஸ்டர். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே. நான் இல்லாதப்ப சொல்றது உங்களுக்குச் சுலபமா இருக்கும்னுதான் கெளம்பினேன்.”

அது உண்மையா, அந்த நிமிஷத்தில் அவருக்குத் தோன்றியதா என்று எனக்குத் தெரியாது. அவருக்கே தெரிந்திருக்காது.

“இப்ப வாங்க சார். போளூர் பஸ் இருக்கு. போய்ச் சொல்லிட்டு வந்துடலாம்.”

பெண் இரண்டு சேலைகளைத் தூக்கிக் காட்டி, “அப்பா, இதுவா அதுவா?” என்று கேட்டாள். அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“கல்யாணம் முடியட்டும். அதுக்கப்புறம் வரலாமா மாஸ்டர்?”

“வாணாம் சார். நானே போறேன்.”

அதற்கும் தலையாட்டினார். நான் படியிறங்கும்போது, “என்னைப் பத்தி என்ன சொல்லணுமோ சொல்லிடுங்க” என்றார். அதற்குமேல் அவரை நான் பார்க்கவில்லை. அவர்மேல் எனக்கு ஆத்திரம் தீரவில்லை. ஆனால் இந்த ஊரில் என் மனைவியிடம் ஒரு டம்ளர் தண்ணீரை அவ்வளவு மரியாதையாகக் கேட்டு வாங்கியவர் வேறு யாரும் இல்லை என்பதும் போகவில்லை. இரண்டையும் ஒரே ஆளுக்குள் வைத்துப் பார்க்க எனக்கு இன்னும் வரவில்லை.

வெள்ளையன் குடகிலிருந்து திரும்பி, ஊருக்குள் போகாமல் ரோட்டோரமாகக் குடிசை போட்டிருக்கிறான் என்று அதே கண்டக்டர்தான் சொன்னார். போனேன். வேலிக்கு முள் கட்டிக்கொண்டிருந்தான். உட்காரச் சொன்னான், வேலையை நிறுத்தவில்லை.

“அம்மா முதுகுல ஒடைச்சது அந்த சார்தான் வெள்ளையா. எனக்கு அப்பவே தெரியும்.”

“எனக்கும் தெரியும்” என்றான். முள்ளை வளைத்துக் கட்டினான். “ஒடைஞ்ச எடத்தப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. அவரு சுத்தில ஒரு பக்கம் சதுரம், ஒரு பக்கம் உளி மாதிரி. அதத் தூக்கினு எத்தினி மாசம் நடந்தவன் நான்.”

“நீ ஏன் சொல்லல?”

“நான் சொன்னா தப்பிக்கப் பாக்குறான்னுவாங்க. நீ சொன்னா நம்புவாங்க. அன்னிக்கு நீ ஒண்டியா ஏறி வந்தப்ப, சொல்லத்தான் வந்திருக்கன்னு நெனச்சேன். அவரு வெளியூர்க்காரரு, போயிட்டாரு. நீ ஏண்ணா ஜொரம்னு சொன்ன?”

 கட்டி முடித்துக் கையை உதறினான்.

“இப்பவாவது சொல்லு. எனக்காக இல்ல. எம் பொண்ணுக்கு மாப்புள பாக்கணும்.”

அந்த வருஷ ஆடி மூன்றாம் வெள்ளி போனேன். பழைய பெரியவர் செத்துப்போய் அவர் மகன் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தான். வெள்ளையனும் மனைவியும் மகளும் கூட்டத்துக்குப் பின்னால் தள்ளி நின்றார்கள். எழுந்து நின்று சொன்னேன். முதலில் யாரும் நம்பவில்லை.

“அந்தக் கல்லு சாரா? அவரு கேக்காம ஒண்ணும் தொடமாட்டாரே. எங்கப்பா வாணாம்னாரு, கும்பிட்டுட்டுப் போயிட்டாரு. நானே பாத்தேன்” என்றான் பெரியவர் மகன்.

பட்டறையில் நடந்த சோதனையையும், அந்தப் பொடியையும், ஏழு சிவப்பு வட்டங்களையும், அவர் என் எதிரில் ஒப்புக்கொண்டதையும், நான் ஜுரம் என்று பொய் சொன்னதையும் சொன்னேன். கடைசியில் சொன்னதைக் கேட்டுத்தான் மற்றதையும் நம்பினார்கள் என்று நினைக்கிறேன்.

“இத்தினி வருஷம் ஏன் சொல்லல?” என்று ஒரு கிழவி கேட்டாள்.

 பின்னாலிருந்து வெள்ளையன் குரல் வந்தது.

“பயந்துட்டாரு. அவ்ளோதான். வுடு.”

பெரியவர் மகன் எழுந்து போய் ஒரு பித்தளைக் குடத்தை எடுத்து வந்து வெள்ளையன் மனைவியிடம் நீட்டினான். அவள் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்களின் வரிசைக்குப் போனாள். என்னைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் மகள் மட்டும் ஒருமுறை பார்த்தாள், காது குத்துக்கு வந்தவன் என்று நினைவிருந்ததோ என்னவோ. மேளம் தட்டினார்கள். வரிசை ஓடையை ஒட்டி மேலே ஏறத் தொடங்கியது. வெள்ளையனும் அவர்களோடு போனான். என்னை யாரும் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. மேளச் சத்தம் மரங்களுக்குள் மறையும்வரை நின்றுவிட்டு, மூன்று மணி பஸ்ஸுக்காகக் கீழே இறங்கினேன்.